கடைக்காரர் ‘சரி’ என்றால் போதாது: அமெரிக்காவில் சட்டப்படி ரைஃபிள் வைத்திருப்பது

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கியையோ தோட்டாவையோ தன் வசம் வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். எச்-4-ல் வந்த துணைவர், எல்-1-ல் கம்பெனிக் கிளை மாறி வந்தவர், எஃப்-1 மாணவர், படிப்பு முடித்து ஓபிடி என்ற பயிற்சி அனுமதியில் வேலை பார்ப்பவர், பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மா என எல்லோருக்கும் இதே விதிதான். 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 1998-ல் இந்தப் பிரிவு சேர்ந்தது. 2022-ல் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டாக உயர்ந்தது. விலக்குகள் சில உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது பெரும்பாலும் ஒன்றுதான்: ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம்.

ரைஃபிள் வாங்குவது பற்றிய பேச்சு எப்போதும் எந்தக் கம்பெனி, எந்தக் காலிபர் (தோட்டா அளவு), என்ன விலை என்றுதான் தொடங்குகிறது. முதலில் கேட்க வேண்டியது உங்கள் குடியேற்ற நிலை என்ன என்பது. இரண்டாவது, எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்பது. மாடலும் விலையும் அதற்குப் பிறகு வரட்டும்.

‘வாங்கினால்தானே குற்றம், ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்தில்) வாடகைக்கு எடுத்துச் சுட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் என்ன?’ என்ற கேள்வி நண்பர்கள் வட்டத்தில் அடிக்கடி வரும். ஒரு மணி நேரம் கையில் இருந்தாலும் அது உங்கள் வசம் இருந்ததாகவே கணக்கு. 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு இதற்குச் சரியான பாடம். மாணவர் விசாவில் வந்தவரைப் பல்கலைக்கழகம் நீக்கியது. அதனால் அவருடைய விசா நிலை முடிந்தது. பிறகு ஃப்ளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டார். அதற்குத்தான் வழக்கு, சிறைத் தண்டனை எல்லாம். ‘தன் நிலை இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும்’ என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இதைப் படித்துவிட்டு ‘தெரியாது என்று சொன்னால் தப்பிக்கலாம்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் எச்-1பி முத்திரையை வைத்துக்கொண்டு என் விசா எனக்குத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? அதோடு, துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. பத்து வருஷம் கிரீன் கார்டு வரிசையில் நின்றதெல்லாம் ஒரு மதியப்பொழுதில் போய்விடும்.

ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் மாமனாரை ‘அமெரிக்கா வந்துவிட்டு இதைப் பார்க்காமலா’ என்று ரேஞ்சுக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்வையாளர் விசாவில் வந்தவருக்குத் தெரிந்தே துப்பாக்கியைக் கொடுப்பவரும் குற்றவாளிதான். அதற்கும் 15 ஆண்டு வரை தண்டனை உண்டு. மாமனார் கூட வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வேட்டை உரிம விலக்கைச் சரியாகப் பயன்படுத்த முடியும். டெக்சஸை எடுத்துக்கொள்வோம். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் வேட்டைக் கல்வி முடித்திருக்க வேண்டும். அந்த மாநிலவாசிக்கு அடிப்படை வேட்டை உரிமம் 25 டாலர். சிக்கல் வருவது காலாவதித் தேதியில். டெக்சஸ் வேட்டை உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. ஜூலையில் வாங்கினால் கையில் இருப்பது சில வாரம்தான். செப்டம்பர் 1 அன்று புதுப்பிக்காமல் ரைஃபிள் அலமாரியில் இருந்தால், அன்று காலையிலிருந்தே விலக்கு இல்லை. விசாவில் இருந்துகொண்டு இந்த விலக்கை நம்பி ரைஃபிள் வைத்திருப்பவர், உரிமம் முடிவதற்கு இரண்டு வாரம் முன்பே போனில் நினைவூட்டல் வைத்து, புது உரிமம் கைக்கு வந்த பிறகே பழையதை முடியவிட வேண்டும். பழைய உரிமங்களின் நகலையும் எறியாமல் வையுங்கள், இடைவெளி இல்லை என்று காட்ட அதுதான் சான்று. ஃபெடரல் விலக்குக் கிடைத்தாலும் மாநிலம் தனியாகக் கேட்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும். வாஷிங்டன் மாநிலத்தில் தற்காலிக விசாக்காரர்களுக்கென்று தனி உரிமமே இருக்கிறது.

கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, வேலை அனுமதி அட்டை கையில் இருக்கிறது என்பதால் நிலை மாறிவிடாது. தற்காலிக விசாவில் உள்ளே வந்தவருக்கு, நிரந்தரவாசியாக ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்துதான் இந்தத் தடை நீங்குகிறது.

இன்னொன்றைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. கணவர் குடியுரிமை பெற்றவர், மனைவி எச்-4, அல்லது அதற்கு நேர்மாறு. வீட்டில் ஒரு ரைஃபிள். பெட்டியின் சாவி இருவருக்கும் தெரிந்த ஆணியில் தொங்குகிறது. சட்டத்தில் ‘வசம்’ என்பது கையில் பிடித்திருப்பது மட்டும் இல்லை, எடுத்துப் பயன்படுத்தும் கட்டுப்பாடு இருப்பதும் வசம்தான். ஆகவே தடையுள்ளவருக்குப் பூட்டின் எண் தெரியக் கூடாது, சாவி எட்டக் கூடாது, தோட்டாவும் அதே பூட்டுக்குள் இருக்க வேண்டும். தம்பதிக்குள் ரகசியம் என்ன என்று சிரிப்பவர்கள் உண்டு. இந்த ஒரு எண் ரகசியமாகவே இருக்கட்டும்.

கடையில் நிரப்பும் படிவம்

நிரந்தரவாசியோ குடிமகனோ உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்கும்போது 4473 என்ற ஃபெடரல் படிவத்தை நிரப்ப வேண்டும். ஃபெடரல் சட்டப்படி ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18 வயது, கைத்துப்பாக்கிக்கு 21. மாநிலம் இதை உயர்த்தலாம், பல மாநிலங்கள் உயர்த்தியும் இருக்கின்றன.

இந்தப் படிவத்தில் தமிழர்களுக்கென்றே வரும் தொல்லை பெயர். அடையாள அட்டையில் இருக்கும் முழுப்பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். நடுப்பெயர் இல்லையென்றால் ‘என்.எம்.என்.’ என்று எழுத வேண்டும். பெயரின் ஒரு பகுதி வெறும் இனிஷியலாகவே சட்டப்படி இருந்தால், அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ‘ஐ.ஓ.’ என்று குறிக்க வேண்டும், அதாவது இனிஷியல் மட்டும். ஓட்டுநர் உரிமத்தில் ‘எஸ்’ என்று இருக்கும் இடத்தில் படிவத்தில் அப்பா பெயரை விரித்து எழுதினால் கடைக்காரர் நிறுத்திவிடுவார். கிரீன் கார்டில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் வேறு வரிசை என்று பெயர் மாறியிருந்தால், கடைக்குப் போவதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் திருத்திக்கொள்வது நல்லது.

முகவரி அடுத்தது. இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரி அரசு கொடுத்த அட்டையில் இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. வீடு மாறி அட்டையில் பழைய முகவரி இருந்தால், புது முகவரி உள்ள வேறொரு அரசு ஆவணத்தைச் சேர்த்துக் காட்டலாம். வாகனப் பதிவு, வேட்டை உரிமம், சொத்து வரி ரசீது போன்றவை சரி. தனியார் மின்சாரக் கம்பெனி பில்லும் வாடகை ஒப்பந்தமும் அரசு ஆவணம் இல்லை. அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள் ஏராளம். கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) பெயர் கேட்கும் கட்டத்தில் நாட்டின் பெயரை எழுதுவதும் சகஜமான பிழை. இனம் பற்றிய கேள்வி இரண்டு பாகம், இரண்டையும் நிரப்ப வேண்டும். கிரீன் கார்டுக்காரர் அட்டையில் உள்ள ஏ-எண் என்ற தன் குடியேற்றப் பதிவு எண்ணையும் எழுத வேண்டும்.

‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?’ என்ற கேள்வியை அவசரமாகத் தாண்டாதீர்கள். நண்பர் பணம் கொடுத்து ‘உனக்குத் தள்ளுபடி கிடைக்குமே, வாங்கி வா’ என்றால் அது குற்றம். 2014-ல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அங்கே பணம் கொடுத்த மாமா தானே வாங்கத் தகுதியுள்ளவர். ஆனாலும் படிவத்தில் பொய் சொன்னது பொய்தான் என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. சொந்தப் பணத்தில் வாங்கி, தகுதியுள்ள மனைவிக்கோ மகனுக்கோ பரிசாகக் கொடுக்க ஃபெடரல் சட்டத்தில் தடையில்லை. வீட்டுக்குள் கைமாறுவதற்கும் சில மாநிலங்கள் விதி வைத்திருக்கின்றன என்பதால் அதைத் தனியாகப் பாருங்கள்.

கஞ்சா பற்றிய கேள்வியிலும் பலர் சிக்குகிறார்கள். கலிஃபோர்னியாவிலும் கொலராடோவிலும் கடையில் சட்டப்படி விற்கிறார்கள். ஃபெடரல் சட்டத்தில் அது இன்னும் தடைப்பட்ட பொருள், படிவமே அதை எச்சரிக்கையாக அச்சிட்டிருக்கிறது. தூக்கம் வரவில்லை என்று கஞ்சா மிட்டாய் பழகியவர் ‘இல்லை’ என்று டிக் செய்து கையெழுத்துப் போட்டால், பொய் வாக்குமூலத்துக்கு 10 ஆண்டு வரை தண்டனை இருக்கிறது.

படிவம் முடிந்ததும் கடைக்காரர் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். 1998 நவம்பரில் தொடங்கிய என்ஐசிஎஸ் என்னும் எஃப்பிஐ அமைப்பு அது. சில மாநிலங்களில் மாநிலக் காவல்துறையே இடையில் நின்று பார்க்கும். பதில் மூன்றில் ஒன்று: கொடுக்கலாம், பொறு, கூடாது. ‘பொறு’ என்று வந்தால் பதற வேண்டாம். ஒரே பெயரில் பலர் இருப்பதாலேயே பலருக்கு அப்படி வருகிறது, குமாரும் ராஜாவும் இதில் அதிகம் மாட்டுவார்கள். மூன்று வேலைநாள் கடந்தும் பதில் வராவிட்டால் ஃபெடரல் சட்டம் விற்பனையை அனுமதிக்கிறது, மாநிலமும் கடையும் அதற்கு மேல் காத்திருக்கச் சொல்லலாம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, 2022 சட்டத்தின்படி இது 10 வேலைநாள் வரை நீளலாம். ஒவ்வொரு முறையும் இப்படியே நிற்கிறதென்றால், எஃப்பிஐக்கு விரல்ரேகையோடு விண்ணப்பித்து யுபிஐஎன் என்ற தனி எண் வாங்கலாம். அடுத்த முறை அதைப் படிவத்தில் எழுதினால் யார் நீங்கள் என்ற குழப்பம் தீரும்.

ஒரே ரைஃபிள், ஆறு மாநிலம்

மாநிலச் சட்டம் என்றால் என்ன என்று புரிய ஒரே ஒரு துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதுதான் நல்ல வழி. ரூகர் 10/22 என்று ஒரு ரைஃபிள். 1964-லிருந்து வருகிறது. .22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் தட்டினால் வெடிக்கும் வகை) தோட்டா, 10 தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் கூடு), 18.5 அங்குலக் குழல், தோளில் ஊன்றும் பகுதி சாதாரண மரக்கட்டை. ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டு போய் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும், செமி ஆட்டோமேட்டிக். பயிற்சிக்கு இதைவிடச் சாதுவான ரைஃபிள் குறைவு.

டெக்சஸில் 18 வயது முடிந்தவர் அடையாள அட்டையோடு போய், சோதனை முடிந்தால் அன்றே எடுத்து வரலாம். மாநில அனுமதி அட்டை இல்லை, பதிவும் இல்லை.

நியூ ஜெர்சியில் முதலில் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை வேண்டும். விண்ணப்பம் இணையவழி, உள்ளூர் காவல் நிலையத்துக்குப் போகும். விரல்ரேகை, உங்களைத் தெரிந்த இருவரின் சாட்சி, மனநல ஆவணங்களைப் பார்க்க ஒப்புதல், பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் உண்டு. 5 டாலராக இருந்த கட்டணம் 2022-ல் 50 ஆனது. சட்டம் 30 நாள் என்கிறது, நடைமுறையில் கூடுதலாகும் என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள். சாட்சியாகப் பெயர் கொடுத்த நண்பர் அவருக்கு வரும் மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டுவிடுவதால் மட்டுமே தேங்கும் விண்ணப்பங்கள் நிறைய. அட்டை வந்ததும் 10/22 வாங்கலாம். ஆனால் அதே ரைஃபிளுக்கு அதே கம்பெனி தயாரிக்கும் 25 தோட்டா மேகசின் அங்கே சட்டவிரோதம். வரம்பு 10.

இல்லினாயில் ஃபாய்டு என்னும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை வேண்டும். பத்து ஆண்டு செல்லும், கட்டணம் 10 டாலர். அட்டை இல்லாமல் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது. வாங்கிய பிறகு 72 மணி நேரக் காத்திருப்பு. 2023 ஜனவரி 10 அன்று கையெழுத்தான சட்டம் பல செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களின் விற்பனையைத் தடுத்தது, ரைஃபிள் மேகசினுக்கு 10 என்று வரம்பும் வைத்தது.

நியூயார்க் மாநிலத்தில் 2022 செப்டம்பர் 4 முதல் எந்தச் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை வாங்கவும் உரிமம் வேண்டும், வயது 21. 10/22 ‘குட்டி’ ரைஃபிள்தானே என்ற சலுகை இல்லை. நியூயார்க் நகரத்துக்குள் குடியிருந்தால் மாநில விதிக்கு மேல் நகரக் காவல்துறையின் தனி அனுமதி வேண்டும். நகரத்துக்குள் ரைஃபிள் மேகசினில் 5 தோட்டாவுக்கு மேல் கூடாது, ஆகவே பெட்டியோடு வரும் 10 தோட்டா மேகசினே அங்கே தவறாகிவிடும்.

வாஷிங்டனில்தான் படிப்பவர்களுக்கு அதிர்ச்சி. 2018-ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த சட்டம் எல்லாச் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளையும் ‘தாக்குதல் ரைஃபிள்’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. ஆகவே 10/22 வாங்கவும் 21 வயதும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும். 2024 ஜனவரி முதல் 10 வேலைநாள் காத்திருப்பு. 2023 ஏப்ரலில் வந்த விற்பனைத் தடைச் சட்டம் வேறு, அதன் பட்டியல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘அங்கே எதுவுமே வாங்க முடியாது’ என்று சொல்வது தவறு.

கலிஃபோர்னியாவில் பொதுவாக 21 வயது, 10 நாள் காத்திருப்பு. அதற்கு முன் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ்த் தேர்வு: 30 கேள்வி, 23 சரியாக இருக்க வேண்டும், 25 டாலர், ஐந்து ஆண்டு செல்லும். கடையில் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாண்டும் காட்ட வேண்டும்.

முதல் ரைஃபிள் வாங்குகிறவருக்கு நாங்கள் சொல்வது: போல்ட் ஆக்‌ஷன் .22 வாங்குங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) இழுத்துத் தள்ளும் வகை. மேலே சொன்ன செமி ஆட்டோமேட்டிக் வரையறைகளில் ஒன்றும் அதைத் தொடாது. நாளைக்கு வேலை மாறி வேறு மாநிலம் போனாலும் தலைவலி மிகக் குறைவு. குறி பழகவும் அதுதான் நல்லது.

ஒரு திருகு மாற்றினால் வேறு பொருள்

வாங்கும்போது சட்டத்துக்குள் இருந்த ரைஃபிளை வீட்டு மேசையில் வைத்தே சட்டவிரோதமாக்கிவிட முடியும். கலிஃபோர்னியாவில் ரூகர் மினி-14 என்ற .223 ரைஃபிளை மரக்கட்டையும் 10 தோட்டா மேகசினுமாக வாங்கலாம். அதில் மடக்கும் கட்டையோ பிஸ்டல் பிடியோ தீச்சுடர் மறைப்பானோ மாட்டினால், கழற்றக்கூடிய மேகசின் உள்ள சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் தட்டும் வகை) செமி ஆட்டோமேட்டிக் என்பதால் அது ‘தாக்குதல் ஆயுதம்’ ஆகிவிடும். அந்த மாற்றுக்கட்டை சாதாரணப் பொருளாக இணையத்தில் கிடைக்கும், கூரியரில் வீட்டுக்கே வரும். வந்து சேர்ந்ததால் மாட்டலாம் என்று பொருள் இல்லை. நியூ ஜெர்சியில் பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் கால எம்1 கார்பைன் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அதைவிட வலுவான தோட்டா சுடும் எம்1 கராண்ட் இல்லை. நியாயம் எங்கே என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

நாடு முழுக்கப் பொருந்தும் அளவு ஒன்று உண்டு. ரைஃபிள் குழல் 16 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பதிவு செய்ய வேண்டிய ‘குறுங்குழல் ரைஃபிள்’. அளக்கும் முறை: துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போல்ட்டை மூடி, குழல் வாய் வழியாக ஒரு மரக்குச்சியைப் போல்ட் முகத்தில் முட்டும் வரை விட்டு, வாயருகே கோடு போட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். குழல் முனையில் நிரந்தரமாகப் பற்றவைத்த பாகம் கணக்கில் சேரும். திருகிக் கழற்றக்கூடியது சேராது. அதனால்தான் 14.5 அங்குலக் குழலில் திருகு மூடியை மட்டும் மாட்டி ‘16 வந்துவிட்டது’ என்பவர் தப்புச் செய்கிறார். 2026 ஜனவரி 1 முதல் குறுங்குழல் ரைஃபிளுக்கும் ஒலி குறைப்பானுக்கும் 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. வரிதான் போனது. விண்ணப்பமும் ஒப்புதலும் பதிவும் அப்படியே இருக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் போன்ற மாநிலங்களில் ஒலி குறைப்பான் சாதாரணக் குடிமக்களுக்குக் கிடையவே கிடையாது.

மாநிலக் கோட்டைத் தாண்டும்போது

ரைஃபிளை வேறு மாநிலக் கடையில் நேரில் வாங்கலாம், இரு மாநிலச் சட்டங்களுக்கும் அந்த விற்பனை பொருந்த வேண்டும். இணையத்தில் வாங்கினால் உங்கள் ஊர் உரிமக் கடைக்குத்தான் வரும். அங்கே படிவம், சோதனை, உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுக்க ஒரு கட்டணம். வேறு மாநிலத்து நண்பரிடம் நேராக விலை பேசிக் கையோடு வாங்கி வருவது கூடாது.

காரில் போவதற்கு 926-ஏ என்ற ஃபெடரல் சட்டப் பிரிவின் பாதுகாப்பு உண்டு. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கி உங்களுக்குச் சட்டப்படி செல்ல வேண்டும். தோட்டா நீக்கியிருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் இருக்கும் பகுதியிலிருந்து எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். முன்பக்கக் கைப்பெட்டி பூட்டியிருந்தாலும் அது கணக்கில் வராது. இந்தப் பாதுகாப்பு ‘கடந்து போவதற்கு’ மட்டும்தான். 2005-ல் உட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒரு பயணி, நியூவார்க்கில் இணைப்பு விமானம் தவறி, பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் தானாகவே முன்வந்து துப்பாக்கி இருப்பதைச் சொன்னார், கைதானார். ஓட்டலில் துப்பாக்கி அவருக்கு எட்டும் நிலையில் இருந்ததால் பாதுகாப்புப் பொருந்தாது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்றும் தெரியாமல் நேர்மையாக நடந்த மனிதருக்கு இந்த நிலை. அப்படி இரவு தங்க நேர்ந்தால் பெட்டியை வாங்காமல் விமான நிறுவனத்திடமே விட்டுவிட்டு வெளியே வர வேண்டும்.

விமானத்தில் ரைஃபிள் கொண்டு போவதென்றால் தோட்டா நீக்கி, கடினமான பெட்டியில் பூட்டி, கவுன்டரில் சொல்லி, சரக்கில் போட வேண்டும். சாவி உங்களிடம் இருக்கும். தொலைநோக்கியைத் தனியாகக் கழற்றிக் கைப்பையில் கொண்டு போகலாம், விலையுயர்ந்தது என்றால் அதுவே நல்லது. தோட்டா அதற்கான அட்டைப்பெட்டியில் இருக்க வேண்டும், பல விமான நிறுவனங்கள் 11 பவுண்டுக்கு மேல் ஏற்பதில்லை.

வீடு மாறுவது பயணத்தைவிடச் சிக்கலானது. டாலஸிலிருந்து வேலை மாறிச் சான் ஹோசே போகிறவர், சாமான் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துப்பாக்கியையும் ஒவ்வொரு மேகசினையும் மேசையில் பரப்பிப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் செல்லாததை டெக்சஸிலேயே விற்றுவிட வேண்டும். போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் புதிதாகக் குடிவந்தோர் அறிக்கை கொடுக்க வேண்டும். இல்லினாய்க்குக் குடிபோகிறவருக்கு ஃபாய்டு அட்டை வாங்க 60 நாள். சாமான் கொண்டு போகும் கம்பெனிகள் பொதுவாகத் தோட்டா ஏற்றுவதில்லை. யாரும் கேட்காத அட்டைப்பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

சட்டத்தைத் தேடும்போது மாநிலக் காவல்துறை அல்லது அட்டர்னி ஜெனரல் பக்கத்தில் தொடங்கி, அங்கிருந்து சட்டப் பிரிவுக்கே போய், முதலில் வரையறைப் பகுதியைப் படியுங்கள். ‘ரைஃபிள்’, ‘செமி ஆட்டோமேட்டிக்’, ‘மேகசின்’ என்ற சொற்களுக்கு அந்த மாநிலம் கொடுக்கும் பொருள் நாம் நினைப்பதாக இருக்காது. பிறகு அமலுக்கு வரும் தேதி, பிறகு நீதிமன்றத் தடை ஏதும் இருக்கிறதா என்பது. 2022 ஜூனில் துப்பாக்கி உரிமை பற்றி உச்ச நீதிமன்றத்தின் ப்ரூயன் தீர்ப்பு வந்ததிலிருந்து மாநிலச் சட்டங்கள் வழக்குகளில் தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கின்றன. ஒரு கீழ் நீதிமன்றம் வெள்ளிக்கிழமை ரத்து செய்ததை மேல் நீதிமன்றம் அடுத்த வாரமே நிறுத்தி வைக்கும். செய்தித் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடக் கூடாது. துப்பாக்கிக் கடைக்காரர் துப்பாக்கிச் சட்டம் அறிந்தவர், உங்கள் விசா விஷயம் அவருக்குத் தெரியாது. குடியேற்ற வழக்கறிஞருக்கு விசா தெரியும், மேகசின் அளவு தெரியாது. இரண்டு கேள்வியையும் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

வாங்கிய அன்றே தொடர் எண், மாடல், கடை ரசீது, நான்கு பக்கப் படம் எல்லாவற்றையும் துப்பாக்கி இருக்கும் பெட்டிக்கு வெளியே ஓரிடத்தில் சேமியுங்கள். திருட்டுப் போனால் நியூயார்க்கில் 24 மணி நேரம், நியூ ஜெர்சியில் 36 மணி நேரம், கலிஃபோர்னியாவில் 5 நாளுக்குள் காவல்துறையிடம் சொல்ல வேண்டும். தொடர் எண் இல்லாமல் அந்தப் புகார் பாதிப் புகார்தான். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டாமல் வைப்பது டெக்சஸிலும் குற்றமாகலாம், அங்கே 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்கு எட்டும்படி விடக் கூடாது.

கடைசியாகப் பை. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை ஊருக்குப் போகும் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். .22 தோட்டா ஒரு சுண்டுவிரல் நுனி அளவுதான், தையல் மடிப்பில் ஒன்று கிடந்தால் தடவினாலும் தெரியாது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாத ஒற்றைத் தோட்டாவுக்கும் வழக்கு உண்டு, சென்னை விமான நிலைய எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து விடுபட்டவர்கள் உண்டு, அதற்குள் பாஸ்போர்ட்டும் விடுமுறையும் போயிருக்கும். ரேஞ்சுப் பைக்கு வேறு நிறத்தில் ஒன்று வாங்கி, அதைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வையுங்கள்.